அந்தப் பதினெட்டு மணி நேரம் எந்தத் தாளில் இருக்கிறது?

கேள்வி: ஐயா, தென் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 22 வயது. டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஐந்து பவுன் சங்கிலி காணாமல் போனது. அந்த வீட்டு வண்டியை அவன்தான் சர்வீஸுக்கு எடுத்துப் போனான் என்பதால், "சும்மா விசாரணைதான், ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ" என்று போனில் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குப் போனவன் புதன்கிழமை காலை 11 மணிக்குத்தான் வீடு வந்தான். முதுகிலும் தொடையிலும் லத்தி அடி. உள்ளங்காலிலும் அடித்திருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவன் எஸ்.ஐ.யிடம் எதிர்த்துப் பேசியது உண்மை. அதனால் அடித்ததில் தப்பில்லை என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். கீழே விழுந்துவிட்டான் என்று சொல்லிப் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டோம். இன்றோடு 9 நாள். இடது கைச் சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. புகார் கொடுத்தால் கஞ்சா கேஸ் போடுவோம் என்று ஆள் விட்டுச் சொல்கிறார்கள். அங்கே ஓர் ஏட்டு மட்டும் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, "போதும் சார், விட்டுடுங்க" என்றாராம். அவன் போட்டிருந்த சட்டையை அம்மா துவைக்காமல் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்? செய்து பயன் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் இன்றைக்கே தம்பியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் ஊர் தாலுகா மருத்துவமனையைவிட, மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ நல்லது. அங்கே எக்ஸ்ரே உண்டு, எலும்பு மருத்துவர் உண்டு, உள்ளூர் ஸ்டேஷனோடு தினசரிப் பழக்கமும் குறைவு. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ட்யூட்டி டாக்டர் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" என்றுதான். தம்பி அதற்குச் சொல்லும் பதிலை விபத்துப் பதிவேட்டில் ஒரே ஒரு வரியாக எழுதுவார். மற்ற எல்லாமே அந்த வரியின் மேல்தான் நிற்கப் போகிறது. "இன்ன தேதி, இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை, இன்ன காவல் நிலையத்தில், போலீஸார் லத்தியால் அடித்தார்கள்" என்று தம்பி தன் வாயால் சொல்ல வேண்டும். டாக்டர் தயங்கினால் பணிவாகச் சொல்லுங்கள்: "நீங்க முடிவு சொல்ல வேண்டாம் சார், இவன் சொல்றதா எழுதுங்க, போதும்." அவருடைய வேலையும் அவ்வளவுதான். அந்தப் பக்கத்தின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் விழுந்துவிட்டதாகச் சொன்னதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். பயத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை மறைக்கவும் வேண்டாம். "முதல் நாள் பயத்தில் விழுந்ததாகச் சொன்னோம்" என்பதையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பல வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார். மருத்துவமனையில் பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் நின்றதால், பைக்கிலிருந்து விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். எங்களிடமும் அதைச் சொல்லவில்லை. ஏழு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை எடுத்து நிதானமாகப் படித்தார். கூண்டில் நின்றவருக்குப் பேச்சு வரவில்லை. நாமே முதலில் சொன்னால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்தால் அது பொய்.

9 நாள் ஆகிவிட்டதே, காயம் எல்லாம் மறைந்திருக்குமே என்று நினைக்காதீர்கள். கன்றிப்போன இடம் முதலில் சிவந்து, பிறகு கருநீலமாகி, பச்சை கலந்து, கடைசியில் மஞ்சளாகி மறையும். பலமான அடி என்றால் இரண்டு வாரம் வரைகூடத் தடம் இருக்கும். லத்தி அடிக்கு என்றே ஒரு கையெழுத்து உண்டு. உருண்டையான கம்பு வேகமாக விழும்போது ரத்தம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, தண்டவாளம் மாதிரி இணையாக இரண்டு கோடுகள் விழும், நடுவில் தோல் வெளுத்திருக்கும். கீழே விழுந்தால் அப்படி ஒரு தடம் வராது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலும் வராது. (நம் ஸ்டேஷன் பாத்ரூம்கள் மட்டும் ஏன் இப்படி வழுக்குகின்றன, மாவுக்கட்டு ஏன் எப்போதும் கைதியின் கைக்கே விழுகிறது என்று ஊரே சிரிக்கிறது. சிரிப்போடு விட்டுவிடுகிறோம் என்பதுதான் வருத்தம்.) பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒரு படத்தில் முகமும் காயமும் சேர்ந்து தெரிய வேண்டும், இன்னொன்றில் காயத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்க வேண்டும். உள்ளங்காலையும் எடுங்கள். நாளையும் மறுநாளும் அதே இடங்களை எடுங்கள், நிறம் மாறுவதே ஒரு காலக்கணக்கு. எடுத்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். கோர்ட்டில் படத்தைக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் சான்றிதழ் கேட்பார்கள், மூலக் கருவி கையில் இருந்தால் வேலை சுலபம்.

இன்னொன்றும் கேளுங்கள்: சிறுநீர் டீ நிறத்தில் போகிறதா, அளவு குறைந்திருக்கிறதா? தசையில் பலமாக அடிபட்டால் அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். இதை டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இது வழக்குக்காக அல்ல, அவன் உயிருக்காக.

சுண்டுவிரலுக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தால் சட்டத்தின் பார்வையில் அது சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயம். முறிவே இல்லாவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. 15 நாள் கடுமையான வலியில் இருந்தாலோ, 15 நாள் தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 ஆக்கிவிட்டார்கள். உங்கள் தம்பிக்கு இன்று 9-ஆவது நாள். ஷெட் முதலாளியிடம் வருகைப் பதிவேடு எல்லாம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் "இன்ன தேதியிலிருந்து வேலைக்கு வரவில்லை" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். டாக்டர் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

சரி, மருத்துவமனை முடிந்தது. இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 18 மணி நேரம். செவ்வாய் மாலை 5 முதல் புதன் காலை 11 வரை. ஸ்டேஷன் கணக்கில் அந்த 18 மணி நேரம் நடக்கவே இல்லை. எழுத்தில் சம்மன் இல்லை, கைது இல்லை, கைதுக் குறிப்பு இல்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை. நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால் அவர்கள் சொல்லப் போவது "அடிக்கவில்லை" என்பதல்ல. "அவன் வரவே இல்லை" என்பதுதான். அல்லது "வந்தான், பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டோம்." போலீஸ் வன்முறை வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த 18 மணி நேரத்தை ஏதாவது ஒரு தாளில், ஏதாவது ஒரு கருவியில், ஏதாவது ஒரு மனிதரின் வாயில் நிறுத்த வேண்டும்.

"விசாரணைதான், கைது இல்லை" என்பது ஒரு தந்திரம். கைது என்று எழுதினால் பின்னாலேயே கடமைகள் வரிசையாக வந்துவிடும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் எழுதி ஒரு சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைது செய்கிற அதிகாரி பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கேட்டால் உடம்பில் இருக்கும் காயங்களைக் குறித்து ஒரு பிரதி தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 53-ஆவது பிரிவுப்படி, கைதானவரை உடனே டாக்டர் பரிசோதித்து, அந்த அறிக்கையை அவருக்கோ அவர் சொல்கிறவருக்கோ கொடுக்க வேண்டும். கைது என்றே எழுதாவிட்டால் இந்த வேலை எதுவும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட்டோமே என்பார்கள். அந்த 24 மணி நேரம், கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான கெடு. கைதே செய்யாமல் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ள யாரும் கொடுத்த அனுமதி அல்ல. சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை, வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு ஏழு வருடம் வரைதான் தண்டனை. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் முதலில் எழுத்துமூலம் அறிவிப்பு கொடுத்து வரவழைக்க வேண்டும், எடுத்த எடுப்பில் கைது கூடாது என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. உங்கள் தம்பிக்கு வந்ததோ ஒரு போன் கால்.

அந்தப் போன் காலிலிருந்தே தொடங்குவோம். கால் லாக்கை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எந்த எண், எத்தனை மணிக்கு. அவன் போனை ஸ்டேஷனில் வாங்கி வைத்திருந்தால் அணைத்தார்களா, எப்போது திருப்பிக் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். டவர் விவரத்தைப் பிறகு கோர்ட் மூலம் கேட்கலாம். அன்று இரவு நீங்களோ அம்மாவோ சாப்பாடு கொண்டுபோய் வாசலில் நின்றீர்களா? யார் வாங்கினார், யார் திருப்பி அனுப்பினார்? நீங்கள் அவனுக்குப் போட்ட கால்கள், எடுக்காத கால்கள், உறவினருக்கு அனுப்பிய "தம்பியை இன்னும் விடல" என்கிற வாட்ஸ்அப் செய்தி, எல்லாமே நேரம் குத்திய காகிதங்கள்தான். ஒன்றையும் அழிக்காதீர்கள். தம்பியை உட்காரவைத்து ஒரு நோட்டில் மணிக்கணக்காக எழுதச் சொல்லுங்கள். எந்த அறை, சுவரில் என்ன, எந்தப் பக்கம் ஜன்னல், யார் கையில் கம்பு, யார் காலைப் பிடித்தார், யாருக்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதட்டும். கோபத்தில் ஓர் ஆளைக் கூடுதலாகச் சேர்த்தாலும் எல்லாம் கெட்டுவிடும்.

அப்புறம் கேமரா. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், நடைவழி, இன்ஸ்பெக்டர் அறை வரை இரவிலும் தெரிகிற, ஒலியும் பதிவாகிற கேமராக்கள் வேண்டும் என்றது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவி அதற்கு இடம் தராவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதே வருடம் ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தபோது விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பார்த்தது என்ன? ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது, பதிவுகள் மட்டும் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதனால் தாமதிக்க வேண்டாம். இன்றே எஸ்.பி. அலுவலகத்துக்கும் டி.எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: "இன்ன தேதி மாலை 4.30 முதல் மறுநாள் மதியம் 12 வரை இன்ன ஸ்டேஷனின் எல்லாக் கேமராப் பதிவுகளையும் பாதுகாத்து வைக்கவும்." ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். பதிவு கிடைத்தால் நல்லது. கடிதம் போன பிறகும் அது அழிந்துபோனால், "பழைய பதிவு, அழிந்துவிட்டது" என்ற சாதாரண பதில் அவர்களுக்குக் கைகொடுக்காது. கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்றும் போடுங்கள். அதில் கேமராப் பதிவோடு, அந்த இரண்டு நாள் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பின் நகலையும், சங்கிலி புகாருக்குப் போட்ட சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) அல்லது எஃப்.ஐ.ஆர். எண்ணையும் கேளுங்கள். மறுத்தால் மறுத்த கடிதமும் ஓர் ஆவணம்தான்.

சங்கிலி புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, எப்போது போட்டார்கள் என்பது முக்கியம். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி இறந்ததும் ஒரு நகைத் திருட்டுப் புகாரில்தான். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். அந்த வழக்கை நகர்த்தியது கோயில் ஊழியர் ஒருவர் மறைவிலிருந்து எடுத்த சில நொடி வீடியோ. போலீஸார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த வீடியோ இல்லாமல் இருந்தால் அந்தக் கதை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதற்கு வருகிறேன். "எதிர்த்துப் பேசினான், அதான் அடிச்சாங்க." சட்டம் போலீஸுக்குப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுக்கவே செய்கிறது. கைது செய்யப் போகும்போது ஒருவர் முரண்டு பிடித்துத் தடுத்தால், தப்பி ஓடப் பார்த்தால், பிடிப்பதற்குத் தேவையான வழிகளைக் கையாளலாம். அவ்வளவுதான். பிடித்து உள்ளே உட்காரவைத்த பிறகு, தப்பிக்காமல் இருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக்கூடக் கூடாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46-ஆவது பிரிவு சொல்கிறது. வாய்ப் பேச்சுக்கு லத்தி பதில் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. தம்பி கெட்ட வார்த்தை பேசியிருந்தால் அதற்கு வழக்குப் போடலாம். ஏன், சங்கிலியை அவனே எடுத்திருந்தாலும் போட வேண்டியது வழக்குதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் உள்ளங்காலில் விழுந்த ஓர் அடியைக்கூடத் தற்காப்பு என்று விளக்க முடியாது. அதனால்தான் அந்த உள்ளங்கால் படத்தைக் கேட்டேன்.

ஏன் அடிக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது என்று புரியும். போலீஸிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று எல்லோருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒப்புதலைத் தொடர்ந்து ஒரு பொருள் கிடைத்தால், பொருளைக் காட்டித் தருகிற அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவே அடி ஒப்புதலுக்காக இல்லை, "ரெக்கவரி"க்காக. மேலதிகாரியும் மாதாந்திரக் கூட்டத்தில் கேட்பது "எத்தனை ரெக்கவரி?" என்றுதான். இந்த இடத்துக்கு என்றே ஒரு பிரிவு இருக்கிறது, நியாய சன்ஹிதா 120. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவோ, பொருளைத் திருப்பித்தர வைக்கவோ காயப்படுத்தினால் ஏழு வருடம் வரை, கொடுங்காயமானால் பத்து வருடம் வரை சிறை. 1860-ஆம் வருடத்துச் சட்டத்தில் இது 330, 331. அந்தச் சட்டம் எழுதியவர்கள் இந்தப் பிரிவுக்கு உதாரணம் தேடி எங்கும் அலையவில்லை. "ஒரு போலீஸ் அதிகாரி, திருட்டுப் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி ஒருவரைச் சித்திரவதை செய்கிறார்" என்பதே சட்டப் புத்தகத்தில் அச்சான உதாரணம். அதற்குச் சில வருடம் முன்பு, 1855-இல், மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை வந்திருந்தது. நம் ஊர்க் கதை பழையது.

புகாரை எங்கே கொடுப்பது? அதே ஸ்டேஷனில் கொடுக்கப் போக வேண்டாம். எஸ்.பி.க்கு எழுத்துமூலம் கொடுங்கள். சில நாள் பார்த்து ஒன்றும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175-ஆவது பிரிவில் மனு. அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் புதிய சட்டத்தில் ஒரு படி கூடிவிட்டது. மேலதிகாரியின் அறிக்கையையும், புகாருக்கு ஆளானவர் சொல்வதையும் பார்த்த பிறகுதான் மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடலாம். எனக்கு இந்தத் திருத்தம் பிடிக்கவில்லை, அடிபட்டவனைக் காத்திருக்க வைத்து அடித்தவருக்கு அவகாசம் தருகிறது. பிடிக்காவிட்டாலும் அதுதான் இன்றைய வழி. பிற்பாடு "கடமையைச் செய்யும்போது நடந்தது, அரசு முன் அனுமதி வேண்டும்" என்ற வாதமும் வரும். நடந்த செயலுக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு உண்டா என்பதை வழக்குக்கு வழக்குப் பார்ப்பார்கள். இங்கே மட்டும் கைதுக் குறிப்பு இல்லாதது உங்களுக்குச் சாதகம். எழுத்தில் இல்லாத ஒரு காவலை எந்தக் கடமையோடு இணைப்பார்கள்?

மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஒன்றில் நிலுவையில் இருந்தால் இன்னொன்று எடுக்காது, நாள்தான் வீணாகும். மாநில ஆணையத்தின் பரிந்துரை வெறும் பரிந்துரைதான் என்று முன்பு அரசு தட்டிக் கழிக்கும். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது அங்கே வழக்கம். சம்பளத்தில் கை வைத்தால்தான் வலிக்கும் என்பது அங்கே போய் வந்த எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கதவும் உண்டு. போலீஸ் நிலை ஆணை 151-இன்படி, போலீஸார் சித்திரவதை செய்ததாகப் புகார் வந்தால் கோட்டாட்சியர் விசாரிக்கலாம். கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். மாநில, மாவட்டக் காவல் புகார் ஆணையங்களையும் சிலர் சொல்வார்கள். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுதந்திரமான ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் போட்ட சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரும் மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரும் தலைவர்கள். அதை நம்பி நாளைக் கழிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்ணான நீங்கள் மனுதாரராக இருந்தால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

கஞ்சா கேஸ் மிரட்டலுக்கு வருகிறேன். அது வெறும் மிரட்டல், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கஞ்சா இல்லாவிட்டால் "பணி செய்ய விடாமல் தடுத்தான்" என்று ஒரு வழக்கு. ஆனால் இங்கேயும் தேதிதான் உங்களுக்குக் கவசம். யார் வந்து, எப்போது, என்ன வார்த்தையில் மிரட்டினார் என்பதை எஸ்.பி.க்கும் ஆணையத்துக்கும் அனுப்பும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு வழக்கு வந்தால், அதைப் படிக்கிற நீதிபதி உங்கள் புகாரின் ஒப்புகை அட்டையிலுள்ள தேதியையும் சேர்த்துத்தான் படிப்பார். புகார் கொடுக்காமல் பயந்து இருப்பவர் மீது போடுகிற வழக்குத்தான் எளிதாக நிற்கும். கொஞ்ச நாள் தம்பி இரவில் தனியாக வெளியே போக வேண்டாம். மறுபடி போனில் கூப்பிட்டால், "எழுத்துல அனுப்புங்க சார், வக்கீலோட வர்றேன்" என்று மட்டும் சொல்லட்டும். வெள்ளைத் தாள் கையெழுத்தைப் பற்றியும் இப்போதே புகாரில் குறிப்பிடுங்கள்: எத்தனை தாள், பேனா என்ன நிறம், எந்த இடத்தில் கையெழுத்து. அந்தத் தாள் நாளைக்கு ஒரு வாக்குமூலமாகவோ சமரசப் பத்திரமாகவோ முளைக்கும்போது, முன்பே சொல்லியிருந்தோம் என்று காட்டலாம்.

சமரசம் பேச ஆள் வருவார்கள், "ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கிறோம், வேலை போயிடும்மா, பிள்ளைகுட்டிக்காரர்" என்று. முடிவு உங்களுடையது. நான் வற்புறுத்த மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிச் செலவு என்னவென்று எனக்கும் தெரியும். ஒன்று மட்டும், எந்தத் தாளிலும் "அடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முதலில் நடப்பது, அந்த எஸ்.ஐ.யை ஆயுதப்படைக்கு மாற்றுவது. அது தண்டனை இல்லை. சஸ்பென்ஷனும் தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரை ஒதுக்கிவைப்பதுதான். துறை விசாரணையில் 3(ஏ) குறிப்பாணை என்றால் சிறு தண்டனை, 3(பி) என்றால் பதவி இறக்கம், பணி நீக்கம் வரை போகலாம். "சார்ஜ் மெமோ கொடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால் இரண்டில் எது என்று கேளுங்கள். குற்ற வழக்கு வருடக்கணக்கில் ஓடும். இழப்பீடு அதைவிடச் சீக்கிரம் வரலாம். ஒடிசாவில் 1980-களில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மகன் காவலிலிருந்து தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம் 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. காவலில் நடந்த உரிமை மீறலுக்கு அரசே பொறுப்பு, அரசின் இறையாண்மையைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பது நிலபதி பெஹ்ரா என்ற அந்தத் தாயின் வழக்கில் நிலைத்த சட்டம். சீக்கிரமும் இல்லை, நிறையவும் இல்லை. ஆனால் வெறுங்கையும் இல்லை.

அந்த ஏட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாத்தான்குளத்தில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். மேலதிகாரிகளுக்கு எதிராக அவர் வாய் திறந்ததால்தான் அந்த இரவு வெளியே வந்தது. உங்கள் ஏட்டும் அப்படிப் பேசுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தண்ணீர் கொடுத்ததையும் சொன்ன வார்த்தையையும் தம்பி தன் நோட்டில் நேரத்தோடு எழுதி வைக்கட்டும். ஊரில் யாரிடமும் அவர் பெயரைச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அவர் வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள். பிரமாணம் செய்து பேசச் சொல்கிற ஓர் அதிகாரி முன்னால் அவரை நிறுத்தும் நாள்வரை அவர் உங்கள் நோட்டில் மட்டும் இருந்தால் போதும்.

கடைசியாக அந்தச் சட்டை. அம்மா அதைத் துவைக்காமல் வைத்தது பெரிய விஷயம். அதை எடுத்து மடிக்காமல், உதறாமல், நிழலில் காயவிட்டுக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து ரத்தக்கறை கெட்டுப்போகும். பையின் வாயை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே இன்றைய தேதியையும் மணியையும் எழுதி அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.